அஞ்சு ரூபாய் டிக்கெட்டைக் காப்போம்! சென்னை மின்சார ரயிலுக்கு யார் பொறுப்பு?



பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் நம்ம ஊர்த் தொழிலாளிகள் உருவாக்கிய ஏசி மின்சார ரயில், 2017 டிசம்பர் 25 அன்று மும்பையில் ஓட ஆரம்பித்தது. அந்த ஆலை இருக்கிற சென்னைக்கு ஏசி மின்சார ரயில் எப்போ வந்தது தெரியுமா? 2025 ஏப்ரல் 19. ஏழு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். பெரம்பூரில் செய்த வண்டி பெரம்பூர் தாண்டி மும்பை வரைக்கும் போயிடுச்சு. பீச் ஸ்டேஷனுக்கு வர மட்டும் இத்தனை வருஷம்.

மும்பையில் கூட்டம் அதிகம், அங்கே முதலில் கொடுத்ததில் தப்பில்லை. மும்பைத் தொழிலாளியும் நம்ம ஆள்தான். ஆனால் நம்ம கேள்வி வேறு. மும்பை புறநகர் ரயிலுக்காகக் கேட்க, திட்டம் போட, பணம் வாங்கிக் கொடுக்க ஒரு தனி நிறுவனம் இருக்கு. சென்னைக்கு யார் இருக்கா? இந்தப் பதிவின் மையமே இந்தக் கேள்விதான்.

95 வருஷத்துக்கு முன்னாடி நாம எங்கே இருந்தோம்?

1931 மே 11. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்த நாள். இந்தியாவில் பம்பாய்க்கு அடுத்து மின்சார ரயில் பார்த்த நகரம் நம்ம சென்னை. மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது இந்தியாவிலேயே இங்கேதான் முதலில். குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் இன்றைக்கு இவ்வளவு பெரிய ஊராக இருக்க முக்கியமான காரணம் அந்தத் தண்டவாளம். ரயில் போன இடத்தில் வீடு வந்தது, வீடு வந்த இடத்தில் கடை வந்தது, நகரம் வளர்ந்தது.

அந்த மீட்டர் கேஜ் மின்சார வண்டி கடைசியாக ஓடியது 2004 ஜூலை 1. அதாவது 73 வருஷம் அதே குறுகிய பாதையில் நகரத்தைச் சுமந்தது. முன்னோடியாக ஆரம்பித்த ஊர், பிறகு எல்லாவற்றிலும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டிய நிலைக்கு வந்தது.

இந்த வண்டியில் யார் போறாங்க?

தெற்கே கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு. மேற்கே மூர் மார்க்கெட் – அம்பத்தூர் – ஆவடி – திருவள்ளூர் – அரக்கோணம். வடக்கே கும்மிடிப்பூண்டி, அதையும் தாண்டி ஆந்திர எல்லைக்குள் சூலூர்பேட்டை வரை. நடுவில் கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில். இந்த நாலு வழிகள்தான் சென்னையின் உண்மையான நாடித்துடிப்பு.

காலையில் ஒரு பெட்டியில் ஏறிப் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிஃப்டுக்குப் போகிற தொழிலாளி, கிண்டியில் இறங்குகிற ஐ.டி. ஊழியர், மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருக் கடைக்கு ஓடுகிற சேல்ஸ் கேர்ள், கூடையோடு வருகிற வியாபாரப் பெண்கள், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள், சென்ட்ரல் எதிரே இருக்கிற அரசு மருத்துவமனைக்குச் சீட்டு போடப் போகிற வயதானவர்கள், கல்லூரி மாணவர்கள். காரில் போகிறவருக்கு மேம்பாலம் கட்டுகிறோம். இவர்களுக்கு என்ன செய்தோம்?

நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்கள்தான் கூடுவாஞ்சேரிக்கும் திருநின்றவூருக்கும் மீஞ்சூருக்கும் குடிபோகிறார்கள். சென்னை அவர்களை வெளியே தள்ளியது. அந்த அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் டிக்கெட்டும் மாத சீசனும் இருப்பதால்தான் அவர்களால் திரும்பி வந்து இந்த நகரத்தில் வேலை பார்க்க முடிகிறது. அந்தச் சீசன் டிக்கெட்டைச் சலுகை என்று சொல்லாதீர்கள். இந்த நகரத்தின் கூலியும் வாடகையும் அதை நம்பித்தான் நிற்கிறது.

ஏசி வேணும். ஆனா யாருக்கு?

ஏசி ரயிலை நாம் எதிர்க்கவில்லை. சென்னை வெயிலில் ஏசி யாருக்கும் ஆடம்பரம் இல்லை. ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். சாதா வண்டியில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். ஏசி வண்டியில் 35 ரூபாய். ஏழு மடங்கு! கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை போக ஏசியில் 105 ரூபாய். போக வர 210. தினக்கூலி வாங்குகிறவர் அந்த வண்டியை எட்டிப் பார்க்கக்கூட முடியுமா?

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். தண்டவாளம் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் இத்தனை வண்டிதான் விட முடியும் என்று ஒரு கணக்கு இருக்கு. ஏசி வண்டி கூடுதலாக வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். சாதா வண்டி வரவேண்டிய நேரத்தில் ஏசி வண்டி வந்தால், சீசன் வைத்திருக்கிறவர் பிளாட்பாரத்தில் நின்று அதை வேடிக்கை பார்ப்பார். அடுத்த சாதா வண்டியில் ரெண்டு வண்டிக் கூட்டம் ஏறும். ஆகவே நம் நிலைப்பாடு தெளிவு: ஏசி வண்டி கூடுதல் நடையாக வரட்டும். ஒரு சாதா நடையைக்கூட அதற்காகக் குறைக்கக் கூடாது. கட்டணத்தையும் சாதாரண ஆள் மாதத்தில் நாலு நாளாவது ஏறக்கூடிய அளவுக்குக் குறைக்க வேண்டும்.

படிக்கட்டில் தொங்குவது யாருடைய குற்றம்?

2018 ஜூலை 24 காலை. வழக்கமான பாதையில் தடங்கல். லோக்கல் வண்டியை எக்ஸ்பிரஸ் வண்டிகள் போகும் பாதையில் திருப்பி விட்டார்கள். பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு தடுப்புச் சுவர். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். உயிர்கள் போயின. வேலைக்குக் கிளம்பியவர்கள் வீடு திரும்பவில்லை.

இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் முதலில் வருகிற பேச்சு என்ன? "ஏன் தொங்கினாங்க?" படிக்கட்டில் சாகசம் காட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தம்பிகளே, உங்க அம்மா வீட்டில் காத்திருக்காங்க, அந்த வேலை வேண்டாம். ஆனால் காலை நேரத்தில் தொங்குகிற எல்லாருமே ஆசைப்பட்டா தொங்குகிறார்கள்? உள்ளே காலை வைக்க இடம் இல்லை. அடுத்த வண்டிக்கு நின்றால் அரை நாள் சம்பளம் போகும். தொங்காதே என்று ஒலிபெருக்கியில் சொல்வது சுலபம். கதவு வைப்பதும், வண்டியை அதிகமாக்குவதும்தான் வேலை.

2025 ஜூன் 9 அன்று மும்பை அருகே மும்ப்ராவில் படிக்கட்டில் தொங்கியவர்கள் கீழே விழுந்து இறந்தார்கள். அதன் பிறகு ரயில்வே ஓர் அறிவிப்பு கொடுத்தது: ஏசி இல்லாத புது வண்டிகளிலும் தானாக மூடும் கதவு வைப்போம், காற்று வர கதவில் சாளரத் தட்டிகளும் கூரையில் காற்றோட்ட வசதியும் வைப்போம் என்று. நல்ல முடிவு, வரவேற்கிறோம். ஆனால் பரங்கிமலையில் 2018-லேயே சாவு விழுந்ததே? அந்தக் கதவு சென்னைக்கு எப்போ? இன்னொரு ஏழு வருஷம் கழித்தா? வண்டி செய்கிற ஆலை நம்ம ஊரில் இருக்கும்போது இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் பறக்கும் ரயில் ஸ்டேஷன்

2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வேலைக்குப் போக வண்டிக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நகரத்தின் நட்டநடுவில், பட்டப்பகலில். அந்த ஸ்டேஷனில் ஒரு கண்காணிப்புக் கேமராகூட இல்லை. அதற்குப் பிறகுதான் கேமரா பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கும் பறக்கும் ரயில் ஸ்டேஷன்களில் இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக மாடிப்படி ஏறி இறங்கிப் பார்க்கட்டும். கோட்டை மாதிரி கட்டடம். பெரிய பெரிய கூடம். கடை இல்லை, ஆள் இல்லை, பாதி விளக்கு எரியவில்லை. அவ்வளவு இடத்தையும் வணிகத்துக்குக் கொடுத்து வருமானம் பார்க்கலாம் என்றுதான் அத்தனை பெரிதாகக் கட்டினார்கள். வருமானமும் வரவில்லை, பாதுகாப்பும் வரவில்லை. ஆள் நடமாட்டம் இருந்தாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். அந்தக் கூடங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கடை கொடுங்கள், நூலகம் வையுங்கள், ரேஷன் கடை வையுங்கள். வெறும் காங்கிரீட்டாக விடாதீர்கள்.

கேமரா வைத்தோம் என்று கணக்குக் காட்டினால் போதாது. கேமராவை யார் பார்க்கிறார்கள்? பிளாட்பாரத்தில் காக்கிச் சட்டை நிற்கிறதா? மகளிர் பெட்டியில் ராத்திரி காவலர் ஏறுகிறாரா? இதுதான் கேள்வி.

ஐந்து கிலோமீட்டர், பதினைந்து வருஷம்

பறக்கும் ரயிலின் கதையைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா தெரியாது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995. மயிலாப்பூருக்கு 1997. திருவான்மியூருக்கு 2004. வேளச்சேரிக்கு 2007 நவம்பர் 19. மொத்தம் சுமார் 19 கிலோமீட்டர். முதல் பகுதி திறந்ததிலிருந்து கடைசிப் பகுதி திறக்க 12 வருஷம்.

அப்புறம் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு சுமார் 5 கிலோமீட்டர். 2008-ல் வேலை ஆரம்பித்தது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கு நிலம் எடுப்பதில் வழக்கு. அந்த அரை கிலோமீட்டருக்காகத் தூண்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அன்று அந்தத் தூணுக்குக் கீழே பள்ளிக்கூடம் போன பிள்ளை, வேலைக்கே போய்விட்டது.

இதில் நியாயமாகப் பேச வேண்டும். எல்லாப் பழியையும் டெல்லி மேல் போட்டுவிட்டுப் போக முடியாது. நிலம் எடுத்துக் கொடுப்பது மாநிலத்தின் வேலை. நிலம் இழந்தவர்களுக்கு உரிய இழப்பீடு கொடுத்து, பேசி முடிக்க வேண்டியதும் மாநிலத்தின் வேலை. எந்த ஆட்சி இருந்தபோது தாமதம் ஆனது என்று பட்டியல் போட்டால் எல்லாருமே அதில் வருவார்கள்.

அதே மாதிரி இன்னொன்று. கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயிலை கடற்கரைக்குப் போகவிடாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். திரும்பக் கடற்கரைக்கு வண்டி வந்தது 2024 அக்டோபர் கடைசியில். பதினான்கு மாதம்! சொன்னதைப் போல இரண்டு மடங்கு. பாரிமுனைக்கும் வட சென்னைக்கும் போகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் பிடித்தார்கள். அந்தக் கூடுதல் செலவை யார் கொடுத்தது? அவர்கள் பாக்கெட்தான். நான்காவது பாதை தேவையான வேலை, மறுக்கவில்லை. வேலை தாமதமானால் மக்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

பஸ் ஸ்டாண்டு ஒரு பக்கம், ரயில் ஒரு பக்கம்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போயின. பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் ஸ்டேஷன் இல்லை! பையும் பிள்ளையுமாக இறங்கிய குடும்பம் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ் முனையமும் ரயில் நிலையமும் ஒரே நாளில் திறக்க வேண்டும் என்று யோசிக்க ஐ.ஐ.டி. ஆய்வு தேவையா?

செய்ய முடியாது என்பதும் இல்லை. மாம்பலம் ஸ்டேஷனையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது. சுமார் 570 மீட்டர். ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் வயதானவர்கூட நடந்து போகிறார். மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படி ஓர் இணைப்பு தாம்பரத்தில், ஆவடியில், அம்பத்தூரில், திருவொற்றியூரில் ஏன் இல்லை?

வடக்குப் பாதையின் கதை தனி. எண்ணூரைத் தாண்டிப் போனால் டெல்லி, ஹவுரா பக்கம் போகிற எக்ஸ்பிரஸ்களும், சரக்கு வண்டிகளும், நம்ம லோக்கலும் ஒரே தண்டவாளத்துக்குப் போட்டி போடுகின்றன. போட்டியில் எப்போதும் ஓரம்கட்டப்படுவது லோக்கல்தான். பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் மக்கள் அவ்வப்போது தண்டவாளத்தில் உட்காருவது பொழுது போகாமல் இல்லை. 2024 அக்டோபர் 11 அன்று கவரப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு வண்டி மேல் மோதியதும் இதே பாதையில்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளிக்கு மூன்றாவது, நான்காவது பாதை என்பது அவர் நேரத்தோடு வேலைக்குப் போவதா இல்லையா என்ற பிரச்சினை.

நிஜமான ஆபத்து எங்கே இருக்கு?

இப்போது கவனமாகப் படியுங்கள். பறக்கும் ரயிலை மெட்ரோ ரயில் நிறுவனத்தோடு இணைக்க ரயில்வே வாரியம் 2025-ல் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இணைப்பை நாம் எதிர்க்கவில்லை. ஸ்டேஷன் சுத்தமாகும், லிஃப்ட் வேலை செய்யும், வண்டி அடிக்கடி வரும் என்றால் நல்லதுதான்.

ஆனால் டிக்கெட்? மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. பறக்கும் ரயிலில் 5 ரூபாயில் ஆரம்பிக்கிறது, மாத சீசன் இருக்கு. கைமாறும்போது அந்த அஞ்சு ரூபாயும் சீசனும் என்ன ஆகும்? இணைப்பு பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள்: பெட்டி மாற்றுவது, கதவு வைப்பது, சொத்துக் கணக்கு. கட்டணம் பற்றி எழுத்தில் உறுதி கொடுங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம். தரமணியிலும் பெருங்குடியிலும் கண்ணாடிக் கட்டடங்களைச் சுத்தம் செய்யப் போகிற அக்காக்கள் அந்த வண்டியில்தான் போகிறார்கள். மெருகேற்றுகிறோம் என்று சொல்லி அவர்களை இறக்கிவிடக் கூடாது.

"ரயில்வேக்கு நஷ்டம்" என்பார்கள். சாலை போடும்போது, மேம்பாலம் கட்டும்போது லாபக் கணக்கு கேட்கிறோமா? லட்சக்கணக்கான பேர் ரயிலை விட்டு பைக்கில் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த நெரிசல், புகை, விபத்து, அதில் போகிற உயிர், இதெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது? குறைந்த கட்டண ரயில் நகரத்துக்கே லாபம்.

யார் பொறுப்பு?

மும்பைக்கு 1999-லேயே தனி நிறுவனம் உருவாக்கினார்கள். மும்பை ரயில் விகாஸ் கார்ப்பரேஷன். ரயில்வேக்கு 51 சதவீதம், மகாராஷ்டிர அரசுக்கு 49 சதவீதம். பெங்களூருவில் புறநகர் ரயில் கட்ட கே-ரைடு. அதில் கர்நாடக அரசுக்கு 51, ரயில்வேக்கு 49. குறைகள் அங்கேயும் உண்டு. ஆனால் கேள்வி கேட்க ஒரு வாசல் இருக்கு.

சென்னையில்? வண்டி தெற்கு ரயில்வேயுடையது. பணம் டெல்லியில். நிலம் மாநிலத்திடம். ஸ்டேஷன் வாசல் மாநகராட்சியிடம். 2010 சட்டத்தின்படி கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கு. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' வந்தது, நல்ல தொடக்கம். ஆனால் ஒரு சாதா வண்டியைக் கூட்டிவிட கும்டாவுக்கு அதிகாரம் இல்லை. நாலு வீட்டில் சாப்பாடு என்று சொல்லி, கடைசியில் பட்டினி கிடக்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டது நம்ம மின்சார ரயில்.

நம் கோரிக்கைகள்

1. சென்னைப் புறநகர் ரயிலுக்கென்று ரயில்வேயும் தமிழ்நாடு அரசும் பங்கு வைக்கும் தனி நிறுவனம். அதன் குழுவில் பயணிகள் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

2. பறக்கும் ரயில் மெட்ரோவுக்கு மாறினாலும் 5 ரூபாய் கட்டணமும் மாத சீசனும் தொடரும் என்று எழுத்துப்பூர்வ உறுதி.

3. ஏசி வண்டி கூடுதல் நடையாக மட்டுமே. ஏசி கட்டணம் குறைய வேண்டும்.

4. சென்னைக்கு வரும் எல்லாப் புது வண்டிகளிலும் தானியங்கிக் கதவு. பரங்கிமலை மாதிரி தண்டவாளத்தை ஒட்டிய ஆபத்தான சுவர், கம்பம் எங்கெல்லாம் இருக்கு என்று ஆய்வு செய்து பொதுவில் வெளியிட வேண்டும்.

5. கும்மிடிப்பூண்டி மார்க்கத்திலும் தாம்பரம் – செங்கல்பட்டு மார்க்கத்திலும் கூடுதல் பாதைகளுக்கு முழு நிதி, முடிக்கும் தேதியோடு. நிலம் எடுத்துக் கொடுக்க மாநில அரசு தனி அதிகாரியை நியமிக்க வேண்டும்.

6. எல்லா ஸ்டேஷனிலும் முதல் வண்டி முதல் கடைசி வண்டி வரை விளக்கு, காவலர், திறந்திருக்கிற சுத்தமான கழிப்பறை, வேலை செய்கிற லிஃப்ட்.

7. வேலைக்காகச் சேவையை நிறுத்தினால், அந்தக் காலம் முழுக்க அதே சீசன் டிக்கெட்டில் மாநகரப் பேருந்தில் போகும் வசதி.

இதில் எதுவும் நிலாவைக் கேட்பது இல்லை. எல்லாமே ஏதோ ஒரு ஊரில் ஏற்கனவே இருப்பது, அல்லது கையெழுத்துப் போட்டால் நடக்கக் கூடியது.

தோழர்களே, இதைப் படித்து லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் தினமும் ஏறுகிற ஸ்டேஷன் பெயர், பிளாட்பாரம் எண், அங்கே இருக்கிற குறை, மூன்றையும் கமெண்ட்டில் எழுதுங்கள். லிஃப்ட் ஓடவில்லையா, விளக்கு இல்லையா, எந்த நேரத்து வண்டியில் ஏறவே முடியவில்லை, எல்லாம் எழுதுங்கள். ஸ்டேஷன் வாரியாகத் தொகுத்து தெற்கு ரயில்வே பொது மேலாளரிடமும், போக்குவரத்துக் குழுமத்திடமும், சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவரிடமும், அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், நேரில் கொடுப்போம். கிடைத்த பதிலை இதே பக்கத்தில் போடுவோம். பதில் வராவிட்டால் அதையும் போடுவோம்.

நேரத்துக்கு வண்டி! நியாயமான கட்டணம்! உயிருக்குப் பாதுகாப்பு!

#மின்சார_ரயில்_நம்_உரிமை
#அஞ்சு_ரூபாய்_டிக்கெட்டைக்_காப்போம்